ஹென்ஸ் முறை

ஜனவரி 8

இந்த டைரி எனக்குக் கூலியாக வந்தது. போன வருடத்துக் கல்லூரி டைரி. தேதிக்குப் பக்கத்தில் கிழமை தப்பாக இருக்கும், அதைப் பார்க்காமல் எழுதிக்கொள் என்று ஜெயரேகா மேடம் சொன்னார்.

எதற்குக் கூலி என்றும் எழுதிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு லெக்சரருக்கும் இருபது பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்தான் அந்த இருபது பேருக்கும் மென்டர். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, படிப்பில் என்ன கஷ்டம் என்று கேட்டு, வழி சொல்ல வேண்டும். கேட்டதையும் சொன்னதையும் ஒரு ரெக்கார்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை யாரும் யாரையும் உட்கார வைக்கவில்லை. ஏப்ரலில் கல்லூரியைச் சோதிக்கக் கமிட்டி வருகிறது என்றதும் இப்போது எல்லா மேடங்களும் ரெக்கார்டைத் தேடி எடுக்கிறார்கள்.

என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தற்பெருமை இல்லை, எல்லாரும் சொல்வதுதான். மேடம் பன்னிரண்டு ஆங்கில வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதையே மாற்றி மாற்றி இருபது பேருக்கும் பதினைந்து மாதத்துக்குப் போட வேண்டும். கடைசிக் கட்டம் 'முன்னேற்றம்'. அதில் எல்லாருக்கும் 'எஸ்'.

ஆக முந்நூறு வரிசை. எனக்கு எழுதப் பிடிக்கும். எழுதும்போது வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

ஜனவரி 10

நான் எழுதுவது கோலம் போடுகிற மாதிரி. எழுத்தைப் பார்ப்பேன், சொல்லைப் பார்க்க மாட்டேன். போர்டில் இருப்பது ஒரு புள்ளி பிசகாமல் என் நோட்டுக்கு வந்துவிடும். கணக்கு சார் திரும்பி, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். முதல் பெஞ்ச் மொத்தமும் "புரிஞ்சுது சார்" என்போம். அதில் என் குரல்தான் சத்தமாகக் கேட்கும்.

பரீட்சை நெருங்கினால் என் நோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். வகுப்பில் ஐம்பது பேராவது அதைப் படித்துத்தான் பாஸானார்கள். என் அறைத்தோழி பௌசியா சொல்வாள், என் நோட்டு மட்டும் இல்லையென்றால் அவள் இந்நேரம் தன் ஊர் பள்ளபட்டியில் தன் கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் திருத்திக்கொண்டிருப்பாளாம்.

எனக்கு இரண்டு அரியர் இருக்கிறது. இந்தத் தடவை முடித்துவிடுவேன்.

ஜனவரி 17

பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். பள்ளிக்கூடத்து கேட்டில் என் படம் போட்ட பேனர் இன்னும் தொங்குகிறது. வெயிலில் முகம் வெளுத்துப்போய், பெயரும் மார்க்கும் மட்டும் தெரிகிறது. பேய் மாதிரி இருக்கிறேன். அம்மா அதே பள்ளியில் சத்துணவு சமையல் பண்ணுகிறாள். தினமும் அந்த பேனரைத் தாண்டித்தான் உள்ளே போகிறாள்.

தங்கை மாரித்தாய் பிளஸ் டூ, நான் படித்த அதே தமிழ் மீடியம். தொகையிடல் வரவில்லை என்று அழுதாள். பாயில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். என் வாயிலிருந்து கணக்கு சரசரவென்று வந்தது, எனக்கே கூச்சமாக இருந்தது. அவளும் என் கல்லூரிக்குத்தான் வரப்போகிறாளாம். மாமாவுக்கு இஷ்டமில்லை. பெரியவள் ஒழுங்காக முடிக்கட்டும், அப்புறம் சின்னவளைப் பார்க்கலாம் என்கிறார். எங்கள் வீட்டில் மாமா சொல்வதுதான் சட்டம். நான் நின்றால் மாரியும் நிற்பாள்.

ரெக்கார்டு எழுதுகிற கதையை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப அந்த மேடம் மாசாமாசம் உன்னைய ஒக்கார வச்சு கேக்காவளாட்டி?" என்றாள்.

"ம்" என்றேன்.

"நல்ல மனுசிதான். எங்க சென்டர்லயும் நோட்டு உண்டும். ஆனா நோட்டுல எழுதுனா பிள்ளைக்கு வயிறு நெறஞ்சிருமா, தட்டுல விழணும்லா" என்று சொல்லிக்கொண்டே அரிசி புடைத்தாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

பிப்ரவரி 2

ரிசல்ட் வந்தது. மெஸ்ஸில் தக்காளி சாதம்.

பிப்ரவரி 4

ஞாயிறு. இரண்டு வாளித் துணி துவைத்தேன். பௌசியாவின் போர்வையையும் பிடுங்கித் துவைத்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ஜனவரியில் இரண்டு அரியர் என்று எழுதினேன். அப்போதே நான்கு. இப்போது ஆறு. டைரியிடமும் பொய் சொல்கிறவளை என்ன செய்வது?

விதி இதுதான். நான்கு அரியருக்கு மேல் இருந்தால் மூன்றாம் வருடத்துக்குள் விட மாட்டார்கள், ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். ஜூனில் அரியர் தேர்வு. அதில் இரண்டு பேப்பராவது முடிக்க வேண்டும், இந்த செமஸ்டரில் புதிதாக எதுவும் சேரவும் கூடாது. முதல் செமஸ்டர் கணக்கையே மூன்று தடவை எழுதியாயிற்று. 41, 43, 44. ஐம்பது வேண்டும். இப்படியே ஒன்றொன்றாக ஏறினால் பேரன் பேத்தி எடுக்கும்போது பாஸாகிவிடுவேன்.

அம்மா போன் பண்ணினாள். "எல்லாம் பாஸ்தானட்டி?" என்றாள். "ம்" என்றேன். அந்த 'ம்'முக்குப் பொய் என்று பெயர் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13

கணக்கில் என் கழுத்தை அறுப்பது ஒரே ஆள். ஹென்ஸ்.

டெய்லர் முறை தெரியும். ஆய்லர் முறை தெரியும். கெய்லி, லாப்லாஸ் எல்லாரும் புத்தகத்தில் வரிசையாக இருக்கிறார்கள். இந்த ஹென்ஸ் என்கிறவர் மட்டும் எந்த யூனிட்டிலும் இல்லை, பின்னால் உள்ள அட்டவணையிலும் இல்லை. ஆனால் கேள்வித்தாளில் மட்டும் தவறாமல் வந்துவிடுவார். முதல் பாதிக் கேள்வியைச் சரியாகப் போட்டிருப்பேன். அடுத்த வரி அவர் பெயரில் ஆரம்பிக்கும், ஹென்ஸ் முறையில் இதைக் கண்டுபிடி என்று. அதைத் தொடவே மாட்டேன். ஒரு தாளில் மூன்று ஹென்ஸ் வந்தால் என் கதை முடிந்தது.

போனில் ஹென்ஸ் மெத்தட் என்று போட்டுத் தேடினேன். ஏதோ தலைவலி மருந்தைக் காட்டியது. அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு நான் லீவு போட்டிருப்பேன் போல. யாரிடமாவது கேட்கலாம். ஆனால் ஐம்பது பேருக்கு நோட்டு கொடுத்தவள் போய் அதையா கேட்பது?

மார்ச் 1

ரெக்கார்டில் பத்தொன்பது பேர் முடிந்துவிட்டார்கள். இன்று என் பக்கம். 'இசக்கியம்மாள், இரண்டாம் ஆண்டு' என்று தலைப்பு எழுதினேன். 'மாணவர் சொன்ன பிரச்சினை' என்கிற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வகுப்பில் இருபது நிமிடம் யோசித்தால் ஒன்றும் வராத மண்டை இது, இன்று என்னவெல்லாமோ வந்தது.

ஒரு வரிசையில் பென்சிலால் தமிழில் 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று எழுதினேன். எழுதிப் பார்த்ததும் பயந்துவிட்டேன். அழித்தேன். நன்றாகத்தான் அழித்தேன், வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும். அதன் மேல் மேடத்தின் ஏழாவது வாக்கியத்தை எழுதினேன். மற்றப் பதினான்கு வரிசைக்கும் அதே ஏழாவதுதான். என்ன அர்த்தம் என்று பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தில் எஸ், எஸ், எஸ்.

பதினைந்து கையெழுத்தும் ஒரே நாளில் போட்டது தெரியக் கூடாது என்று மூன்று பேனா மாற்றினேன். திருடனுக்கு இருக்கும் புத்தி எனக்கும் இருக்கிறது, அதில் மட்டும் அரியர் இல்லை.

மார்ச் 12

பௌசியா தொல்லை தாங்க முடியவில்லை. மூன்று நாளாக சிக்னல்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "எனக்கு இது வெளங்கல, சத்தமா படிச்சுப் பார்க்கறேன், நீ சும்மா கேளு" என்று என் கட்டிலில் உட்கார்கிறாள். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் அவளே விளக்கி, "சரிதானேடி?" என்று என்னைக் கேட்கிறாள். அந்தப் பேப்பரில் அவள் போன செமஸ்டரே எழுபத்தெட்டு வாங்கிப் பாஸ். பாஸானதை ஏன் இன்னும் படிக்கிறாள் என்று தெரியவில்லை. எனக்கு வேலை இருக்கிறது, போ என்று கத்திவிட்டேன். புத்தகத்தை என் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஞாபகமறதி.

மார்ச் 20

மாரிக்குக் கணக்குப் பரீட்சை நன்றாக எழுதினாளாம். தொகையிடல் இரண்டு கேள்வியும் வந்ததாம். "நீ சொல்லிக்குடுத்ததுதான்க்கா" என்றாள்.

ஏப்ரல் 3

இன்று துணிந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிடாமல் நேரே ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். வாசலில் நின்று மூன்று தடவை மனப்பாடம் பண்ணினேன். மேடம், எனக்கு ஆறு அரியர், எனக்கு உதவி வேண்டும். அவ்வளவுதான், இரண்டு வரி.

ஜெயரேகா மேடம் ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் சிவப்புப் பேனா. மேசையில் விடைத்தாள் கட்டுகள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பால்வாடியில் விட்ட மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாம்மா, உன்னையத்தான் நெனச்சேன். ரெக்கார்டு விஷயமா?"

"ஆமா மேடம்" என்றேன். என் வாய் என் பேச்சைக் கேட்காது.

பக்கத்து மேசை மேடத்தின் இருபது பேர் ரெக்கார்டும் காலியாக இருந்ததாம். உதவி கேட்கப் போனவள் இன்னொரு முந்நூறு வரிசையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 10

கமிட்டி வந்து போய்விட்டது. எங்கள் துறை ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்து, மாணவர்களை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிற இடத்தைப் பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னாராம். கையெழுத்தையும் பாராட்டினாராம். மதியம் எல்லாருக்கும் குலாப் ஜாமூன். நான் இரண்டு சாப்பிட்டேன். இனிக்கத்தான் செய்தது.

ஏப்ரல் 23

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். அரியர் உள்ளவர்களுக்கு மே மாதம் முழுக்கச் சிறப்பு வகுப்பு. பன்னிரண்டே இடம். துறைத்தலைவரைப் பார்த்து விண்ணப்பம் தர வேண்டும். எழுதிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்றபோது, கடைசியில் ஒரு கதவு திறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

எச்.ஓ.டி. சார் விண்ணப்பத்தைப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. "ஏம்மா, உம் பேர நான் கேள்விப்பட்டிருக்கனே, நல்லா எழுதற புள்ளையில்ல நீ?" என்றார். பியூனிடம் மென்டர் ரெக்கார்டை எடுத்துவரச் சொன்னார். ஜெயரேகா மேடத்தையும் கூப்பிட்டனுப்பினார். மேடம் வந்து சுவரோரம் நின்றார்.

சார் என் பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாக இறங்கினார். பதினைந்து தடவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து தடவையும் முன்னேறியிருக்கிறேன். பதினைந்து தடவையும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"இந்த வகுப்பு யாரும் கவனிக்காம விட்ட புள்ளைங்களுக்கும்மா. உன்னைய மாதிரி கவனிப்பு இங்க யாருக்கும் கெடைக்கல. இதுக்கு மேல ஒருத்தங்க என்ன பண்ண முடியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அது இன்னும் மோசம்.

பிறகு ஒரு வரிசையை வாய்விட்டுப் படித்தார். மேடத்தின் ஏழாவது வாக்கியம். "ஸ்டூடண்ட் வாஸ் கைடட் வெல், ஹென்ஸ் இம்ப்ரூவ்டு."

ஹென்ஸ்.

அடுத்த வரிசையையும் படித்தார், ஹென்ஸ். அதற்கடுத்ததும் ஹென்ஸ். என் அச்சுக் கையெழுத்தில், என் பக்கம் முழுக்க. கணக்குக்காரன் என் ரெக்கார்டில் என்ன செய்கிறான்? அவன் ஆள் இல்லை. முறை இல்லை. ஏதோ ஒரு சொல். எல்லாரும் படித்துக்கொண்டே தாண்டிப் போகிற சாதாரணச் சொல். ஒன்றரை வருடமாக ஒரு சொல்லைக் கண்டு பயந்து எழுந்து போயிருக்கிறேன், அதையே நூற்றுக்கணக்கில் அழகாக எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ரெக்கார்டு பொய் சார் என்று. சொன்னால் மேடத்தின் வேலை போய்விடும், மே மாதம்தான் அவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். சொல்லாவிட்டால் என் வருடம் போய்விடும், அதோடு மாரியும். மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தன் கையே தனக்கு உதவி என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும். என் கை என்னை மாட்டிவைத்து, அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறது.

ஏப்ரல் 24

காலையில் பௌசியா, "சார் என்னடி சொன்னாரு?" என்றாள். நீ அன்றைக்கு சிக்னல்ஸ் படித்தது உனக்காக இல்லைதானே என்று கேட்டேன். அவள் தலைவாருவதை நிறுத்தவில்லை. "நீயா கேப்பேன்னு பார்த்தேன். கேக்கற ஆளா நீ?" என்றாள். அழுகையாக வந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

பிறகு பியூனிடம் கேட்டு ரெக்கார்டை வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். ஏப்ரல் மாத வரிசை காலியாக இருந்தது. கமிட்டி போனபின் அதை யார் கேட்கப்போகிறார்கள்? பேனாவால், பென்சிலால் இல்லை, பிரச்சினைக் கட்டத்தில் தமிழில் எழுதினேன். 'எனக்குப் பாடம் புரியவில்லை. முதல் செமஸ்டரிலிருந்தே புரியவில்லை. புரிந்தது என்று சொன்னதெல்லாம் பொய்.' கட்டம் போதாமல் கோட்டைத் தாண்டிப் போயிற்று. எழுத்து கோணலாக விழுந்தது. மேடம் முன்னால் வைத்தேன்.

மேடம் படித்தார். பிறகு மேலே ஒரு வரிசையில் விரலை வைத்தார், நான் அழித்த இடத்தில்.

"இத நான் மார்ச்லயே பார்த்தேன்மா. என்ன எழுதியிருக்கேன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "எனக்கு அன்னிக்கு இருபது ரெக்கார்டும் முடிக்கணும்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, சொல்லத்தான் வேண்டும். நல்ல கோபம். அதோடு பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

"மேடம், ஹென்ஸ்னா என்ன?" என்று கேட்டேன்.

கேள்வி புரியாமல் பார்த்தார். கணக்குத் தாளில் வருமே, அவர் யார் என்று நினைத்தேன், எங்கெல்லாம் தேடினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனவே" என்றார். "அவ்ளோதாம்மா. எனவே. மேல கண்டுபிடிச்சியே, அத வெச்சு இதக் கண்டுபிடின்னு அர்த்தம்."

எனவே. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பத்து தடவை எழுதிய சொல். கேள்வியின் மேல் பாதியிலேயே கீழ்ப் பாதிக்கு விடையை நான் எழுதி வைத்திருந்தேன். மூன்று தடவையும்.

ஒரு ஹென்ஸால் ஆறு பேப்பர் போகவில்லை, அது எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை ஹென்ஸ் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறதோ!

மேடம் என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அறிவுரைக் கட்டத்தில் 'எனவே' என்று எழுதினார். தமிழில். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவருக்கும் பேனா நின்றது. பிறகு எழுதினார். 'எனவே, திங்கள் முதல் தினமும் காலை எட்டேகாலுக்கு மாணவி வர வேண்டும். நானும் வர வேண்டும்.' அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. அதனால்தான் என்னிடம் கொடுத்தார் போல.

முன்னேற்றக் கட்டத்துக்கு வந்ததும் பழக்கத்தில் அவர் கை 'எஸ்' போடப் போயிற்று. நான் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தேன். அதை மட்டும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

ஏப்ரல் 28

அம்மா போன். மறுபடி அதே கேள்வி. "எல்லாம் பாஸ்தானட்டி?"

"இல்லம்மா. ஆறு பேப்பர் போயிருக்கு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"அந்த மேடம் மாசாமாசம் சொல்லிக்குடுத்தாவன்னியே?"

"நோட்டுல மட்டும்தாம்மா."

நிறைய நேரம் பேசவில்லை. திட்டினாள், திட்டியது நியாயம். ஜூன் வரைக்கும் மாமாவிடம் சொல்ல மாட்டாளாம். அதற்குப் பிறகு சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். மாரியின் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருக்கிறாளாம், இன்னும் நிரப்பவில்லையாம்.

ஏப்ரல் 29

எட்டு மணிக்கே போய்விட்டேன். ஸ்டாஃப் ரூம் பூட்டியிருந்தது. எட்டேகால் ஆயிற்று, வரவில்லை. எட்டு இருபது. இதுவும் நோட்டில் எழுதினது மட்டும்தான் போல என்று பையை மாட்டிக்கொண்டேன். மேடம் ஈரத் தலையோடு மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. பஸ்ஸைத் திட்டிக்கொண்டே கதவைத் திறந்தார்.

காலி வகுப்பில் போர்டில் ஒரு கணக்குப் போட்டார். முதல் யூனிட், முதல் கணக்கு. வேகமாகத்தான் போட்டார், அவருக்கு ஒன்பது மணிக்கு வேறு வகுப்பு. நான் வழக்கம்போல ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டுத் திரும்பினார்.

"புரிஞ்சுதா?"

'புரிஞ்சுது மேடம்' என்பது என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஒன்றரை வருடப் பழக்கம். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"புரியல மேடம்" என்றேன்.

மேடம் மணியைப் பார்த்தார். பிறகு டஸ்டரை எடுத்து, போர்டு முழுவதையும் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தார்.